நிறுவனக் கொடையாளர்களோடு பணியாற்றுவது எப்படி: மனிதாபிமான நிதிக்கான முழுமையான வழிகாட்டி

கொடையாளர் நிறுவனத்தில் உங்கள் மானியத்தைக் கவனிக்கும் அதிகாரி அந்தப் பணத்தின் சொந்தக்காரர் இல்லை. அவரும் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு மேலே தலைமையகம், அதற்கு மேலே அமைச்சகம், அதற்கும் மேலே நாடாளுமன்றமும் அரசுத் தணிக்கையாளரும் இருக்கிறார்கள். வெள்ளத்தில் வீடிழந்த குடும்பத்துக்கு நீங்கள் கொடுத்த தார்ப்பாயைப் பற்றிய கேள்வி, சில ஆண்டுகள் கழித்து எங்கோ ஒரு தலைநகரத்தில் ஒரு குழுவின் முன் எழலாம். அப்போது அந்த அதிகாரியின் கையில் சரியான பதில் இருக்க வேண்டும். கொடையாளர் உறவைப் பேணுதல் என்று சொல்லப்படும் வேலையில் பெரும்பகுதி, அந்தப் பதிலை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்து வைப்பதுதான்.

ஆனால் பல அமைப்புகளில் நடப்பது வேறு. திறமையான ஆட்கள் அனைவரும் முன்மொழிவு எழுத உட்காருகிறார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானதும் அடுத்த முன்மொழிவுக்குப் போய்விடுகிறார்கள். ஏற்கெனவே மூச்சுமுட்ட வேலை செய்யும் களப் பொறுப்பாளரின் மேசைக்கு மானியக் கோப்பு வந்து சேர்கிறது. அதை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் படிக்கிறார். அடுத்த மானியம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

படி 1: பணம் எந்த வழியாக வருகிறது என்று வரைந்து பாருங்கள்

நிறுவனக் கொடையாளர் என்ற ஒரே பெயருக்குள் பல வகையினர் இருக்கிறார்கள். அரசுகள் நேரடியாகத் தருவது ஒரு வகை. பிரிட்டனில் 2020 முதல் வெளியுறவு, காமன்வெல்த் மற்றும் வளர்ச்சி அலுவலகம் இதைச் செய்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் மனிதாபிமான உதவித் துறை, எல்லோரும் எக்கோ என்று அழைப்பது, 1992இல் தொடங்கியது. எந்த நெருக்கடிக்கு எவ்வளவு, எந்தத் துறைகளுக்கு முன்னுரிமை என்பதை அது ஆண்டுதோறும் நாடு அல்லது வட்டார வாரியான செயலாக்கத் திட்டங்களாக வெளியிடுகிறது. எக்கோவோடு நேரடியாக ஒப்பந்தம் செய்ய விரும்பும் தன்னார்வ அமைப்புக்குப் பங்காளர் சான்றிதழ் தேவை. தற்போதைய சான்றிதழ் காலம் 2021 முதல் 2027 வரை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பதிவான அமைப்புகளுக்கே அது கிடைக்கும். மற்றவர்கள் அத்தகைய அமைப்பு ஒன்றின் செயலாக்கப் பங்காளராகத்தான் உள்ளே வர முடியும். இதை அறியாமல் நேரடி விண்ணப்பத்துக்கு வாரக்கணக்கில் உழைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஐ.நா. முகமைகள் இன்னொரு வகை. அகதிகள் முகமை, யுனிசெஃப், உலக உணவுத் திட்டம் போன்றவை அரசுகளிடம் நிதி பெற்றுத் தாங்களும் களப்பணி செய்கின்றன, உங்களுக்கும் நிதி தருகின்றன. அழைப்புகளை வெளியிடுவதற்கும் பங்காளர்களைச் சரிபார்ப்பதற்கும் ஐ.நா. பங்காளர் தளம் என்ற பொது வாயிலை அவை வைத்திருக்கின்றன. அதில் உங்கள் விவரத்தை முழுமையாகப் பதிந்து வைப்பது நெருக்கடி இல்லாத நாளில் செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது கூட்டு நிதியங்கள். ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா நிர்வகிக்கும் நாட்டளவிலான நிதியங்களில் உள்ளூர் அமைப்புகளும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். 2006இல் இயங்கத் தொடங்கிய ஐ.நா. மத்திய அவசர உதவி நிதியம் அப்படியில்லை. அதன் பணம் ஐ.நா. முகமைகளுக்குப் போய், அவற்றின் வழியாகவே மற்றவர்களுக்கு வருகிறது. உலகச் செய்திகளில் இடம்பெறாத சிறு நெருக்கடிகளுக்காக ஸ்டார்ட் நிதியம் போன்ற ஏற்பாடுகள் உள்ளன. எச்சரிக்கை விடுத்த 72 மணி நேரத்துக்குள் நிதி ஒதுக்குவதை இலக்காகக் கொண்டது அது.

2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில், 2020க்குள் நிதியில் 25 விழுக்காட்டை முடிந்த அளவு நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குத் தருவதாகக் கொடையாளர்களும் பெரிய அமைப்புகளும் உறுதியளித்தன. அந்த இலக்கு எட்டப்படவில்லை. உள்ளூர் அமைப்புக்கு இதன் நடைமுறைப் பொருள் என்ன? உங்களோடு கையெழுத்திடும் நிறுவனத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொரு கொடையாளர் இருக்கிறார், சில வேளை அவருக்கும் பின்னால் ஒருவர். மேலே உள்ளவரின் நிபந்தனைகள் சங்கிலி வழியாகக் கீழே உங்கள் தலையில் வந்து இறங்கும். ஆகவே ஒவ்வொரு மானியத்துக்கும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள்: பணம் யாருடையது, யார் கையெழுத்திடுகிறார், எந்த நாணயம், எத்தனை தவணை, மறைமுகச் செலவு (தலைமை நிர்வாகம், கணக்கு, தணிக்கை போன்ற பொதுச் செலவு) எவ்வளவு அனுமதி, எந்த மாற்றத்துக்கு யாருடைய ஒப்புதல். அந்த ஒரு பக்கம் நிதிப் பிரிவிலும் கள அலுவலகத்திலும் சுவரில் இருக்கட்டும்.

படி 2: ஆய்வுக்கு ஆயத்தமாக இருங்கள்

பணம் தருவதற்கு முன் எந்தக் கொடையாளரும் உங்களை ஆராய்வார். பதிவுச் சான்று, நிர்வாகக் குழு விவரம், தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள், கொள்முதல் விதிகள், மனிதவளக் கொள்கை, மோசடித் தடுப்பு, தரவுப் பாதுகாப்பு, வங்கி விவரம் ஆகியவை வழக்கமான பட்டியல். இவற்றோடு பாலியல் சுரண்டலையும் துன்புறுத்தலையும் தடுக்கும் ஏற்பாடு இன்று கட்டாயம். 2003ஆம் ஆண்டின் ஐ.நா. பொதுச்செயலர் சுற்றறிக்கை இதற்கான அடிப்படை ஆவணம்; ஐ.நா. பங்காளர்கள் அதன் அளவுகோல்களுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

கொள்கை ஆவணங்களை வேறெங்கிருந்தோ நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால் அனுபவமுள்ள ஆய்வாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அவர் ஆவணத்தைப் படிப்பதோடு நிற்கமாட்டார். "கடைசியாக வந்த புகாரை யார் பெற்றார்? பிறகு என்ன நடந்தது?" என்று கேட்பார். கடை நிலை ஊழியர் ஒருவரை அழைத்து, மேலாளரைப் பற்றியே புகார் இருந்தால் எங்கே போவீர்கள் என்று கேட்பார். நாற்பது பக்கக் கொள்கையைவிட, ஊழியர்கள் எல்லோரும் அறிந்த நான்கு பக்க நடைமுறை இங்கே மேல்.

ஓச்சாவின் நாட்டு நிதியங்களில் இந்த ஆய்வின் முடிவு உங்களுக்கு ஓர் இடர் நிலையை நிர்ணயிக்கிறது: குறைவு, நடுத்தரம், அதிகம். எவ்வளவு தொகை கிடைக்கும், எத்தனை தவணைகளில், எத்தனை முறை அறிக்கை தர வேண்டும், எவ்வளவு கண்காணிப்பு என்பதையெல்லாம் அந்த நிலைதான் தீர்மானிக்கிறது. அதிக இடர் என்று வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். எந்தப் பிரிவில் மதிப்பெண் குறைந்தது என்று கேட்டு வாங்குங்கள். நன்றாக முடிக்கப்பட்ட ஒரு சிறு மானியம் அந்த நிலையை மாற்ற உதவும்.

படி 3: வேண்டுமா, வேண்டாமா

அழைப்பு வெளியானதும் எழுதத் தொடங்குவது தவறான வரிசை. முதலில் அரை நாள் உட்கார்ந்து முடிவெடுங்கள். அந்தப் பகுதியில் உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்களா? அந்தத் துறையில் அனுபவம் உண்டா? பணம் முன்பணமாக வருமா, செலவழித்த பிறகு ஈடுசெய்யப்படுமா? ஈடுசெய்யும் வகையானால் அதுவரை தாங்கும் இருப்பு கையில் இருக்கிறதா? செலவில் ஒரு பகுதியை உங்கள் பங்காகப் போடக் கேட்கிறார்களா, அதை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்?

இவற்றைவிடக் கடினமான கேள்வி கொள்கை சார்ந்தது. மனிதநேயம், நடுநிலை, பாரபட்சமின்மை ஆகிய மூன்றும் 1991இல் ஐ.நா. பொதுச்சபையின் 46/182ஆம் தீர்மானத்தில் இடம்பெற்றன. சுதந்திரமான செயல்பாடு பின்னர் சேர்ந்தது. போரில் ஒரு தரப்பாக நிற்கும் அரசின் பணத்தை அதே போர்க்களத்தில் பெறுவது உங்கள் ஊழியரின் உயிரோடு தொடர்புடைய முடிவு. "நிலைப்படுத்தல்" என்ற பெயரில் வரும் நிதி பல நேரங்களில் ஒரு தரப்பின் ஆட்சியை மக்கள் ஏற்கச் செய்வதற்கான நிதியாக இருக்கும். அதன் இலச்சினையோடு உங்கள் வாகனம் ஒரு சோதனைச் சாவடியைக் கடந்துவிட்டால், அதன்பிறகு அந்தப் பகுதியில் நீங்கள் எந்தத் தரப்பு என்பதை மற்றவர்கள் தீர்மானித்துவிடுவார்கள்.

பயங்கரவாதத் தடுப்பு நிபந்தனைகளையும் இங்கேயே பாருங்கள். ஊழியர், விற்பனையாளர், துணைப் பங்காளர் ஆகியோரைத் தடைப் பட்டியல்களோடு ஒப்பிடுவது இன்று பொது வழக்கம். உதவி பெறும் மக்களையும் அப்படிச் சலிக்க வேண்டும் என்ற கோரிக்கை வந்தால் அங்கே நில்லுங்கள். பசித்தவரிடம் முதலில் அடையாளத்தைச் சோதிப்பது தேவையின் அடிப்படையில் உதவுவது என்ற கொள்கைக்கு நேர் எதிரானது. மனிதாபிமான உதவி பெறுபவரைச் சலிக்கத் தேவையில்லை என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலைப்பாடு. 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 2664ஆம் தீர்மானம், ஐ.நா. தடைகளின் சொத்து முடக்கத்திலிருந்து மனிதாபிமானப் பணிகளுக்கு விலக்களித்தது. பேச்சுவார்த்தையில் இவை இரண்டும் உங்கள் கையில் இருக்கும் வலுவான வாதங்கள்.

மறுப்பதாக இருந்தால் சீக்கிரம், காரணத்தோடு, எழுத்தில் மறுங்கள். தெளிவாக மறுத்த அமைப்பைக் கொடையாளர்கள் மறப்பதில்லை. அடுத்த முறை அதே அமைப்பு "முடியும்" என்று சொல்லும்போது நம்புகிறார்கள்.

படி 4: அழைப்புக்கு முன்பே அறிமுகமாகுங்கள்

கொடையாளரின் நாட்டு அலுவலக அதிகாரிக்கு எது தேவை என்று யோசித்துப் பாருங்கள். களத்தில் என்ன நடக்கிறது என்ற நம்பகமான தகவல்தான். பாதுகாப்பு விதிகளால் அவரால் பல இடங்களுக்குப் போக முடியாது. நீங்கள் போகிறீர்கள். மாதம் ஒருமுறை ஒரு பக்கக் கள நிலவரத்தை, நிதி எதுவும் கேட்காமல், அனுப்பி வாருங்கள். துறைவாரி ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் முடிவெடுக்கக்கூடியவரை உட்கார வையுங்கள். பெரும்பாலான நிதி முன்னுரிமைகள் அங்கேதான் உருவாகின்றன. போட்டி அழைப்பு வெளியான பிறகு அதிகாரியைத் தனியே சந்திக்க முயல வேண்டாம். விதிப்படி அவரால் எதுவும் சொல்ல முடியாது, முயன்றவர் பெயர்தான் கெடும்.

படி 5: முன்மொழிவும் பட்ஜெட்டும்

முன்மொழிவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதற்கு வழிகாட்டிகள் ஏராளம். எக்கோவில் முன்மொழிவு, இடைக்கால அறிக்கை, இறுதி அறிக்கை மூன்றும் ஒரே படிவத்தில் அடுத்தடுத்து நிரப்பப்படுகின்றன. இன்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு இலக்கும் நாளை இறுதி அறிக்கையில் அதே வரிக்கு எதிரே வந்து நிற்கும். மற்ற கொடையாளர்களிடம் படிவம் வேறாக இருந்தாலும் நடப்பது இதுதான். இலக்கு நிறைவேறியதா என்று காட்டும் குறியீடுகளில் அளக்க முடியாததை எழுதாதீர்கள். அளப்பதற்கு ஆள், நேரம், பணம் ஆகிய மூன்றும் பட்ஜெட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பட்ஜெட்டில்தான் அமைப்புகள் தங்களைத் தாங்களே வறுமைக்குள் தள்ளிக்கொள்கின்றன. கொடையாளருக்குச் சிக்கனமாகத் தெரிய வேண்டும் என்று கணக்காளரின் சம்பளத்தையும் அலுவலக வாடகையையும் பாதுகாப்புச் செலவையும் குறைத்துக் காட்டுகிறார்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். நேரடிச் செலவு 10,00,000 யூரோ உள்ள மானியம். எக்கோவும் ஐ.நா. கூட்டு நிதியங்களும் பொதுவாக ஏற்கும் மறைமுகச் செலவு 7 விழுக்காடு, அதாவது 70,000. உங்கள் தலைமை நிர்வாகம், கணக்கு, தணிக்கை எல்லாம் சேர்ந்து உண்மையில் 12 விழுக்காடு ஆகிறது என்றால் 1,20,000. மீதி 50,000 யூரோவை நீங்கள் எங்கிருந்தோ போடுகிறீர்கள். இதே போன்ற ஐந்து மானியங்கள் கிடைத்துவிட்டால் அமைப்பு வளர்ந்துவிட்டதாகக் கொண்டாடுவார்கள். துளை 2,50,000 ஆகியிருக்கும்.

இதற்கு வழி, மறைமுகம் என்று ஒதுக்கி வைத்த செலவுகளில் எவற்றை நேரடிச் செலவாக நியாயமாகக் காட்ட முடியும் என்று பிரித்தறிவதுதான். திட்டத்துக்காக உழைக்கும் கணக்காளரின் நேரம், கள அலுவலக வாடகையில் திட்டத்தின் பங்கு, கிடங்கு, கண்காணிப்பு, ஊழியர் பாதுகாப்பு, திட்டத் தணிக்கை ஆகியவற்றைப் பல கொடையாளர்கள் நேரடியாக ஏற்கிறார்கள். நிபந்தனை ஒன்றுதான்: பங்கிடும் முறை எழுத்தில் இருக்க வேண்டும், எல்லா மானியங்களுக்கும் ஒரே முறையாக இருக்க வேண்டும். ஒரு மேலாளரின் சம்பளத்தில் 60 விழுக்காட்டை ஒரு கொடையாளருக்கும் 50 விழுக்காட்டை இன்னொருவருக்கும் எழுதினால் 110 விழுக்காடு ஆகிறது. இரண்டு தணிக்கையாளரும் ஒரே ஆண்டில் வரும்வரை யாருக்கும் தெரியாது. எல்லா மானியங்களின் பட்ஜெட்டையும் ஒரே அட்டவணையில் அடுக்கி, ஒவ்வொரு பதவிக்கும் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டாமல் பார்ப்பது நிதிப் பிரிவின் முதல் கடமை.

விதிகள் மாறுவதையும் கவனியுங்கள். அமெரிக்க அரசோடு மறைமுகச் செலவு விகிதத்தைப் பேசி முடிக்காத அமைப்புகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி மானியங்களில் இருந்த 10 விழுக்காட்டு மறைமுகச் செலவு 2024 அக்டோபரில் 15 ஆக உயர்ந்தது. நீங்கள் பெரிய அமைப்பு ஒன்றின் கீழ் வேலை செய்பவரானால், அவர் பெறும் மறைமுகச் செலவில் உங்களுக்கும் பங்கு உண்டா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு? அலுவலக விளக்கு உங்களுக்கும் எரிய வேண்டும்.

படி 6: ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள்

படிக்காமல் யார் கையெழுத்திடுவார் என்று தோன்றும். நிறையப் பேர் இடுகிறார்கள். அவசரம், பணம் தேவை, முதன்மை ஒப்பந்தம் பத்துப் பக்கம்தான். ஆனால் அதன் இணைப்புகளில் நூறு பக்கம் இருக்கிறது. குறைந்தது இவற்றைத் தேடிப் பாருங்கள்: செலவு எந்த நாளிலிருந்து ஏற்கப்படும், பட்ஜெட் வரிகளுக்கிடையே ஒப்புதல் இல்லாமல் எவ்வளவு மாற்றலாம், எந்தத் தொகைக்கு மேல் போட்டி விலைப்புள்ளி தேவை, யாருடைய கொள்முதல் விதி செல்லும், நாணய மாற்று இழப்பு யார் கணக்கில், சம்பவங்களை எத்தனை மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் பிரிவைத் தனியாகப் படியுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி ஒரே உத்தரவில் நிறுத்தி வைக்கப்பட்டு, பிறகு பெரும்பாலான மானியங்கள் ரத்தாயின. அப்போது உலகம் முழுவதும் அமைப்புகள் அந்தப் பிரிவை முதல் முறையாகக் கருத்தூன்றிப் படித்தன. செய்து முடித்த வேலைக்கான பணமே வராமல் சில அமைப்புகள் நீதிமன்றம் போக நேர்ந்தது. கொடையாளர் தன் விருப்பப்படி முடித்துக்கொள்ள முடியுமா, எத்தனை நாள் அறிவிப்பு, அந்த நாள்வரை செய்த செலவும் ஊழியர்களின் பணிநீக்க இழப்பீடும் ஏற்கப்படுமா என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் கையெழுத்து வேண்டாம். பிரிவை மாற்ற முடியாமல் போகலாம். விடை தெரிந்தால் எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்றாவது தெரியும்.

படி 7: முதல் கூட்டமும் மாதக் கூட்டமும்

கையெழுத்தான இரண்டு வாரத்துக்குள் திட்டம், நிதி, கொள்முதல், கிடங்கு, கண்காணிப்பு ஆகிய எல்லாப் பிரிவினரும் ஒரே அறையில் உட்கார்ந்து முன்மொழிவை வரிவரியாகப் படிக்க வேண்டும். எழுதியவரும் அங்கே இருக்க வேண்டும். "இதை ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்ற கேள்விக்கு அவர் இன்னும் நினைவோடு பதில் சொல்லக்கூடிய காலம் அது.

பிறகு மாதம் ஒருமுறை. காலம் எவ்வளவு போயிற்று, பணம் எவ்வளவு செலவாயிற்று, இலக்கில் எவ்வளவு நிறைவேறியது என்ற மூன்று விழுக்காடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 12 மாத மானியத்தில் 6 மாதம் கழிந்து, 30 விழுக்காடு மட்டுமே செலவாகி, இலக்கில் 55 நிறைவேறியிருந்தால் பட்ஜெட் தாராளமாகப் போடப்பட்டிருக்கிறது, அல்லது ரசீதுகள் களத்திலேயே தூங்குகின்றன. 30 செலவு, 20 இலக்கு என்றால் தாமதம். 70 செலவு, 30 இலக்கு என்றால் உடனே தொலைபேசியை எடுங்கள். இறுதி மாதத்தில் அவசரமாகச் செலவழித்துத் தீர்ப்பது மிக மோசமான வழி. கடைசி வாரத்தில் வாங்கிக் கிடங்கில் குவித்த பொருட்களைத் தணிக்கையாளர்கள் முதலில் கேட்பார்கள்.

படி 8: கெட்ட செய்தியை முதலில் நீங்களே சொல்லுங்கள்

மனிதாபிமானப் பணியில் திட்டப்படி நடப்பதுதான் அதிசயம். சாலை மூடப்படும், மக்கள் இடம்பெயர்வார்கள், விலை ஏறும், கிடங்கு கொள்ளையடிக்கப்படும். கொடையாளர்களுக்கு இது தெரியும். அவர்களால் பொறுக்க முடியாதது, மூன்றாம் நபர் வழியாகக் கேள்விப்படுவது.

தாமதமோ இடமாற்றமோ தேவை என்று தெரிந்த அன்றே அதிகாரியோடு பேசுங்கள், பேசியதை அன்றே மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முன்னவர் தலையசைத்தார் என்பது பின்னவரிடம் செல்லாது. கூடுதல் பணமில்லாத கால நீட்டிப்பை, மானியம் முடிவதற்கு மாதங்கள் இருக்கும்போதே கேளுங்கள். கடைசி வாரத்தில் வரும் கோரிக்கை நிர்வாகத் திறனின்மைக்கு அத்தாட்சியாகப் பதிவாகும். கோரிக்கையில் சாக்குகளைக் குறைத்து மூன்றைச் சொல்லுங்கள்: என்ன மாறியது, மக்களுக்கு அதனால் என்ன ஆகும், உங்கள் மாற்றுத் திட்டம் என்ன.

மோசடி, உதவிப் பொருள் உரியவரை விட்டு வேறு கைக்குப் போவது, பாலியல் சுரண்டல் புகார் ஆகியவை வேறு தளம். விசாரித்து முடித்துவிட்டுச் சொல்வோம் என்று காத்திருப்பதுதான் இயல்பான உந்துதல். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பல ஒப்பந்தங்களில் சந்தேகம் எழுந்ததுமே அறிவிக்கும் கடமை இருக்கிறது. முதல் அறிவிப்பில் தெரிந்ததை மட்டும், ஊகம் இல்லாமல், பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிப்படாமல் எழுதுங்கள். அந்தப் பணம் பல கொடையாளர்களின் கூட்டுப் பணமானால் எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் செல்ல வேண்டும். புகாரே வராத பெரிய திட்டம் அனுபவமுள்ள அதிகாரிக்கு நிம்மதி தராது. புகார் வழி வேலை செய்யவில்லை என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

படி 9: அறிக்கை

குறித்த நாளில் அனுப்புங்கள். மிகச் சிறந்த அறிக்கை மூன்று வாரம் தாமதமாக வருவதைவிட, நேர்மையான சராசரி அறிக்கை நேரத்துக்கு வருவது மேல். நிதி அறிக்கையின் எண்ணும் விவர அறிக்கையின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருவர் இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும். இரு பிரிவினர் தனித்தனியே எழுதி அனுப்பும் இடங்களில் ஒன்று 4,000 குடும்பம் என்கிறது, மற்றது 4,600 பொதிகளுக்குக் கணக்குக் காட்டுகிறது.

குறையை எழுதும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. மனிதாபிமான உதவிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டின்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர். முகாமில் நீங்கள் தந்தது 11. "பெருமளவு இலக்கு எட்டப்பட்டது" என்று மழுப்பினால் படிப்பவர் அடுத்த வரிகளையும் சந்தேகிப்பார். "எதிர்பார்த்ததைவிட அதிகமானோர் வந்ததால் ஒருவருக்கு 11 லிட்டராகக் குறைந்தது; மூன்றாம் மாதம் இன்னொரு ஆழ்துளைக் கிணறு சேர்த்தோம்; அதன்பிறகு 14 ஆனது" என்பது அதிகாரி தன் மேலிடத்துக்கு அப்படியே அனுப்பக்கூடிய வாசகம்.

விளம்பர நிபந்தனைகளும் அறிக்கையில் வரும். ஒரே நீர்த்தொட்டியில் இரண்டு கொடையாளரின் இலச்சினை இருந்தால், செலவை யார் எவ்வளவு ஏற்றார் என்ற தாள் உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இருமுறை பணம் பெற்றதாகவே பொருள்படும். இலச்சினை ஊழியருக்கு ஆபத்து என்றால் விலக்கு கேளுங்கள். எக்கோ உட்படப் பலர் பாதுகாப்புக் காரணத்துக்கு விலக்குத் தருகிறார்கள், ஆனால் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

படி 10: உங்கள் கீழ் இருக்கும் பங்காளர்கள்

நீங்கள் இன்னொரு அமைப்புக்கு நிதியை வழங்கினால் இப்போது நீங்களே கொடையாளர். மேலே உங்களுக்குப் பிடிக்காததையெல்லாம் கீழே செய்யாதீர்கள். மேலிருந்து வந்த நூறு பக்கத்தை அப்படியே இணைத்து அனுப்புவது பொறுப்பைத் தள்ளிவிடுவது. அவர்களுக்குப் பொருந்தும் நிபந்தனைகளை அவர்கள் மொழியில் சில பக்கங்களில் எழுதிக் கொடுங்கள். மறைமுகச் செலவைப் பகிருங்கள். அவர்களுடைய ஏற்கப்படாத செலவு கடைசியில் உங்கள் கணக்கில்தான் விழும். ஆகவே ஆண்டிறுதியில் திருத்துவதைவிட முதல் மாத ரசீதுகளை அவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது இருவருக்கும் மலிவு.

படி 11: முடிப்பும் தணிக்கையும்

மானியம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே முடிப்புப் பட்டியலைத் தொடங்குங்கள்: மீதிப் பொருட்கள் யாருக்கு, வாகனமும் கருவிகளும் யாருக்கு உரியவை, பணம் செலுத்த வேண்டிய விலைப்பட்டியல்கள், ஊழியர் ஒப்பந்தங்கள், சமூகத்திடம் சொல்லிவிட்டு வெளியேறுவது. கடைசித் தவணையை இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே தரும் கொடையாளர்கள் உண்டு. அதுவரை அந்தப் பணம் உங்கள் பையிலிருந்து போகிறது.

தணிக்கையாளர் மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து வருவார். அப்போது அந்தக் கணக்காளர் இருக்கமாட்டார், கள அலுவலகமே மூடப்பட்டிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு செலவுக்கும் கோரிக்கை, விலைப்புள்ளிகள், தேர்வுக் குறிப்பு, பொருள் பெற்ற சான்று, விலைப்பட்டியல், பணம் செலுத்திய ஆதாரம், விநியோகக் கையொப்பப் பட்டியல் ஆகியவை ஒரே கோப்பில், அன்றன்றே ஸ்கேன் செய்யப்பட்டு, இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒரே ஒரு விலைப்புள்ளியோடு அவசரக் கொள்முதல் செய்ய நேர்ந்தால், ஏன் என்று அன்றைய தேதியில் ஒரு பத்தி எழுதி மேலாளரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள். அன்று எழுதிய ஒரு பத்தி பல ஆயிரம் யூரோவைத் திருப்பிக் கட்டாமல் காப்பாற்றும். தணிக்கை நெருங்கும்போது பின்தேதியிட்டு எழுதுவது மோசடி.

படி 12: ஒரே தூணில் நிற்காதீர்கள்

ஆண்டுக்கு இருமுறை எல்லா மானியங்களையும் ஒரே காலக்கோட்டில் வரையுங்கள். எந்த மாதம் எது முடிகிறது, எந்தக் கொடையாளரின் பங்கு மொத்தத்தில் எவ்வளவு, எந்தப் பதவிகள் எந்த நிதியில் தொங்குகின்றன என்று தெரியும். 2025 ஜூனில் ஓச்சா தன் உலகளாவிய வேண்டுகோளை 29 பில்லியன் டாலருக்குச் சுருக்கி, மிகக் கடுமையான தேவையில் உள்ளவர்களை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டது. பிரிட்டனும் தன் வளர்ச்சி உதவியை 2027க்குள் தேசிய வருமானத்தில் 0.3 விழுக்காடாகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. ஒருவர் வெளியேறினால் இன்னொருவர் அந்த இடத்தை நிரப்புவார் என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது.

எனவே ஒரு கொடையாளரின் பங்கு எவ்வளவைத் தாண்டக்கூடாது என்ற வரம்பை நிர்வாகக் குழு எழுத்தில் முடிவு செய்யட்டும். மூன்று மாதச் சம்பளத்தையும் பணிநீக்க இழப்பீட்டையும் ஈடுசெய்யும் கட்டுப்பாடற்ற இருப்பைச் சேர்க்கத் தொடங்குங்கள். இதற்கு நிறுவனக் கொடையாளரின் திட்டப் பணம் உதவாது, ஏனெனில் மிச்சத்தை அவர்கள் திரும்பக் கேட்பார்கள். தனிநபர் நன்கொடை, அறக்கட்டளைகளின் நிபந்தனையற்ற நிதி, மறைமுகச் செலவில் சிக்கனமாக மீதியானது ஆகியவற்றிலிருந்து சிறுகச் சிறுகத்தான் இது சேரும். ஒரே நாளில் நிதி நின்றுவிட்டால் எந்தப் பணியை முதலில் நிறுத்துவது, எதை எப்படியாவது தொடர்வது என்ற வரிசையையும் இப்போதே எழுதிவிடுங்கள். மருத்துவமனையின் மின்னாக்கியும் முகாமின் நீரும் அந்தப் பட்டியலின் கடைசியில், அதாவது எல்லாம் நின்ற பிறகே நிற்க வேண்டியவையாக, இருக்கட்டும்.